ரோட்டில் நடந்த பெரட்டு

காட்டிக்கொடுத்தாள் என்கிறார்களே, யாரை யாரிடம் காட்டிக்கொடுத்தாள்? றோசலின் வாயிலிருந்து அன்று ஒருத்தியின் பெயராவது வந்ததா? பெயர்களை வாசித்தது கணக்கப்பிள்ளை செல்லசாமி. கூப்பிட்டதும் போய் நின்றது அவரவர் கால்கள். பதினொரு பெண்கள் பொலிஸ் வண்டியில் ஏறினார்கள், றோசலின் ஏறவில்லை. நடந்தது இவ்வளவுதான். அதற்குள் பெண்கள் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளுக்கு எத்தனை பட்டம்! பொலிஸ்காரனுக்கு வேண்டியவள், துரையின் ஆள், வேதக்காரி என்பதால் மாதாகோயில் சாமியார் சொல்லி விட்டுவிட்டார்கள் என்று ஆளுக்கொரு கதை. வழக்கு நாள் வந்ததும் கொத்மலையில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு ஓடிவிடுவாள் பாருங்கள் என்று பந்தயம் கட்டினவர்களும் உண்டு.

ஓடுகிறவளா அவள்?

றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவள் றோசலின். எழுத்து வாசனை கிடையாது. பன்னிரண்டு வயதில் கொழுந்துக்கூடை தலையில் ஏறியது. பதினெட்டில் இக்னேசியஸைக் கட்டினாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தால் இக்னேசியஸுக்கு இணையாக அந்த மலையில் ஆளில்லை. ஆனால் வீட்டில் சத்தம் கூடினால் முதலில் வெளியே போய் நிற்கிறவரும் அவர்தான்.

றோசலின் ஏன் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவள் ஆனாள் என்றால், அதற்கு அவள் அப்பா கதையைச் சொல்ல வேண்டும். எழுபத்து மூன்றில் பஞ்சம் வந்தபோது, மாவுக்கும் மரவள்ளிக்கும் ஆலாய்ப் பறந்த நாட்களில், லயத்துக்கு ஒருவர் பாரம் என்கிற விண்ணப்பத் தாள்களைக் கட்டாகக் கொண்டு வந்தார். தோட்டத்தில் எதற்கும் கைநாட்டுத்தான். அரிசிக்குக் கைநாட்டு, மருந்துக்குக் கைநாட்டு, சம்பளத்துக்குக் கைநாட்டு. தாளைக் கண்டால் பெருவிரல் தானாக நீண்டுவிடும். அரிசிக் கூப்பனுக்கென்று நினைத்து அவள் அப்பாவும் விரலை வைத்தார். அது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்ற பாரம். இரண்டு வருஷத்தில் அப்பாவையும் அம்மாவையும் தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டுத் திரும்பினாள் றோசலின். கட்டிக்கொடுத்த பிள்ளையின் பெயர் அந்தத் தாளில் இல்லை. அன்றிலிருந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் எந்தத் தாளிலும் அவள் விரல் வைத்ததில்லை. சம்பளத்தன்றுகூடக் கேட்பாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். செல்லசாமிக்கு அவளைக் கண்டாலே தலைவலி.

இனி எண்பத்தொன்றுக்கு வரலாம். அந்த வருஷம் பங்குனியில் லயத்துக் குழாய் இரண்டு மாதமாக வறண்டு கிடந்தது. பக்டரிக்குத் தண்ணீர் வந்தது. துரை பங்களாப் பூச்செடிக்கும் வந்தது. லயத்துக்கு மட்டும் இல்லை. வெறுங்குடத்தோடு அட்டன் ரோட்டில் போய் நிற்பது என்று பெண்கள் முடிவெடுத்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அட்டன் தொழிற்சங்க ஒபீசிலிருந்து லோரன்ஸ் வந்து எல்லோரையும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் உட்காரவைத்துப் பேசினான்.

"ரோட்டு நடுவுல நிக்காதீங்க, ஓரமா நில்லுங்க. கல்லு, தடி ஒண்ணும் கையில இருக்கப்படாது. கொடம் மட்டுந்தான்."

"கொடத்தால அடிச்சா?" என்றாள் அழகம்மா. கொழுந்து மலையில் றோசலினுக்கு அடுத்த நிரை அவளுடையது. வாய் கொஞ்சம் நீளம்.

"அடிச்சா கொடம் நெளியும், நீங்க உள்ள போவீங்க. கேளுங்கக்கா. பொலிஸ் பிடிச்சா, எதுக்குப் பிடிக்கிறீங்கன்னு கேக்குறது ஒங்க உரிமை. அத சொல்ல வேண்டியது அவங்க கடமை."

"அட போங்க தம்பி! நாங்க வாயால கேப்போம், அவன் பூட்ஸ் காலால சொல்லுவான்."

காம்பரா முழுக்கச் சிரித்தது. லோரன்ஸ் விடவில்லை. "பொம்பளைங்களச் சோதிக்கணும்னா பொம்பளதான் சோதிக்கணும். பிடிச்சா, இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள்ள கோட்டுல நிறுத்தணும். வாக்குமூலம் எழுதினா, வெளங்குற பாஷையில வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. வெளங்காத தாள்ல கைநாட்டு வைக்காதீங்க."

றோசலின் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மூன்றாம் தரமும் சொல்லச் சொன்னாள்.

"என்னாடி றோசலு, செபமால மாதிரி உருட்டுற?" என்று இடித்தாள் அழகம்மா.

"மனசுல நிக்கணும்ல அக்கா. நமக்கு எழுதி வச்சுப் பாக்கத் தெரியுமா?"

புதன்கிழமை நாற்பது பெண்கள் குடத்தோடு ரோட்டோரம் நின்றார்கள். பத்து மணிவரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் எங்கிருந்தோ ஒரு கல் வந்து, போய்க்கொண்டிருந்த லொறியின் கண்ணாடியில் விழுந்தது. அரை மணித்தியாலத்தில் பொலிஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் பெயர் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பி, செல்லசாமியைப் பெயர்ப் புத்தகத்தோடு கூட்டிவரச் செய்தார்.

விடிந்தும் விடியாமலும் தொழிலாளரை ஓரிடத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அதில் கூப்பிட்ட பெயருக்குக் குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அம்மா காலம், பாட்டி காலம் தொட்டு ஊறிப்போன பழக்கம் அது. செல்லசாமி பாலக்கட்டில் ஏறிப் புத்தகத்தை விரித்து, பெரட்டில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

"ராசம்மா!"

"வந்தேங்க." ராசம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தாள். ஒரு பொலிஸ்காரர் அவளை வண்டிப் பக்கம் கையைக் காட்டி அனுப்பினார்.

அடுத்த பெயர், அடுத்த குரல். வாய் நீண்ட அழகம்மாகூட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு "வந்தேங்க" என்று நல்ல பிள்ளையாகப் போனாள். பதினொரு பேர் ஆயிற்று. பன்னிரண்டாவது பெயர் றோசலின்.

அவள் காலும் ஒரு எட்டு வைத்துவிட்டது. அதை மறைப்பானேன்? வைத்த பிறகுதான் நின்றாள்.

"எதுக்குங்க ஐயா கூப்புடுறீங்க? இது பெரட்டா?"

"ஏய், வாய மூடிக்கிட்டு வா!"

"நீங்க கூப்புட்டா வேலைக்கு வருவேங்க. கூப்புடுறது பொலிஸுன்னா, எதுக்குன்னு பொலிஸ் சொல்லட்டும்."

என்ன சொல்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். செல்லசாமி வியர்த்து வழிந்து சிங்களத்தில் சொன்னார். லொறிக் கண்ணாடியை உடைத்ததற்காக என்று பதில் வந்தது.

"ஒடச்சது யாருன்னு லொறிக்கார மாத்தயாவக் கேளுங்க" என்று சிங்கள மரியாதையோடு சொன்னாள் றோசலின்.

கேட்டார்கள். கல் மேட்டுப் பக்கமிருந்து வந்தது, இந்தப் பெண்கள் யாரும் எறிந்ததைத் தான் பார்க்கவில்லை என்று லொறிக்காரர் சிங்களத்தில் சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று வண்டியை எடுத்தார். மேட்டில் அப்போது ஆளில்லை. இன்ஸ்பெக்டர் றோசலினை ஏற இறங்கப் பார்த்தார். புத்தகத்தை மூடச் சொன்னார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், ஏறினவர்களை ஏறினபடி கொண்டுபோனார். மிச்சம் இருந்த இருபத்தொன்பது பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் பெயரோடு வாசிப்பு நின்றதால்தான் வந்தார்கள். அவளைத் தவிர்த்த இருபத்தெட்டுப் பேரில் ஒருத்தியாவது பீலிக்கரையில் அதைச் சொன்னாளா? இல்லை.

பொலிஸ் ஸ்டேஷனில் அந்தப் பதினொரு பேர் முன்னால் தாளை வைத்தார்கள். விரல்கள் நீண்டன. "வீட்டுக்குப் போக விடுற தாளுன்னு நெனச்சோம்" என்று ராசம்மா பிறகு அழுதாள். ரோட்டை மறித்தோம், கல்லெறிந்தோம் என்று அதில் சிங்களத்தில் எழுதியிருந்தது. மறுநாள் கோட்டில் சங்கத்து வக்கீல் பிணையில் எடுத்தார். ஆனால் வழக்கு அப்படியே இருந்தது. தோற்றால் மறியலில் கம்பி எண்ண வேண்டும், தோட்டத்தில் பெயர் வெட்டு. பெயர் போனால் காம்பராவும் போய்விடும். அழகம்மாவுக்குப் பிள்ளைகள் ஐந்து.

பிணையில் வந்த அழகம்மா பீலிக்கரையில் றோசலினை மறித்துக்கொண்டாள்.

"பேச்சுக்காரி! நீ மட்டும் தப்பிச்சிட்ட."

"லோரன்ஸ் தம்பி எல்லாருக்குந்தான சொல்லிச்சு அக்கா. நீங்கதான் சிரிச்சீங்க."

"சிரிச்சேன், ஆமா. எம் பேரு கூப்புட்டப்ப ஒரு சத்தம் போட்டிருந்தா நானும் நின்னிருப்பேனேடி. பதினோரு பேரு போறத பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

தன் பெயர் வரும்வரை றோசலினும் வாயடைத்துத்தான் நின்றிருந்தாள். பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

வைகாசியில் லோரன்ஸ் வந்தான். பெண்கள் ரோட்டோரம்தான் நின்றார்கள், கையில் கல் இல்லை, புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆள் பொறுக்கினார்கள் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டுமாம். வீடு வீடாகக் கேட்டுவிட்டு, கடைசியாக அவளிடம் வந்திருந்தான்.

"உள்ளதைச் சொல்லிடுறேங்கக்கா. நானும் அங்க நின்னேன்னு நீங்களே கோட்டுல சொன்னா, பன்னண்டாவது ஆளா ஒங்களையும் சேக்க வழியிருக்குன்னு வக்கீல் சொல்றாரு. வரமாட்டேன்னு சொல்லவும் ஒங்களுக்கு உரிமை இருக்கு. யாரும் கட்டாயப்படுத்தல."

அவன் போனதும் இக்னேசியஸ் பேசினார். வழக்கம்போல வெளியே போகவில்லை.

"நம்ம பேரையும் வெட்டிட்டா புள்ளைங்கள எங்க கொண்டுபோறது?"

"தெரியல."

"தெரியலன்னா போகாத."

"போகலன்னா அழகம்மாக்கா மூஞ்சியில எப்புடி முழிக்கிறது? நெதம் பக்கத்து நெரையிலதான நிக்கணும்."

"அவதான் ஒன்ன நாறடிக்கிறா!"

"அவ சொன்னதுல ஒண்ணு நெசம்."

மூன்று நாள் வீட்டில் உப்புக் கேட்க மட்டும்தான் வாய் திறந்தார்கள்.

வழக்கன்று காலையில் தூறல். அட்டன் ரயிலைப் பிடிக்க அந்தப் பதினொரு பேரும் லயத்து வாசல் வழியாகவே இறங்கிப் போனார்கள். யாரும் கடைசிக் காம்பராப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. றோசலின் சின்னவளுக்குத் தலை பின்னி முடித்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்தாள். பூசைக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே குடை. கவ்வாத்து மலைக்குக் கிளம்பிய இக்னேசியஸ் அதை எடுத்து அவள் முன் நீட்டினார்.

"ஒங்களுக்கு?"

"நான் நனைஞ்சா சட்டையக் காயப் போட்டுக்குவேன். நீ நாலு பேரு முன்னால நின்னு பேசணும். போ, ரயிலு நிக்காது."

அவள் குடையை வாங்கிக்கொண்டாள். படியிறங்கி, முன்னால் போகிறவர்களைப் பார்த்துக் கூப்பிட்டாள்:

"அழகம்மாக்கா, நில்லுங்க. நானும் வாறேன்."