துப்பாக்கிக்கு வெந்நீர்

கரிமருந்துத் துப்பாக்கி வெடித்தால் ரெண்டு வயலுக்குக் கேட்கும். அதை வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று சொன்னால் அதன் சொந்தக்காரர் வெடிப்பது ரெண்டு ஊருக்குக் கேட்கும்.

காரைக்குடியில் துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் வாங்கிக் கடை போட்டவன் நான். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு கைகழுவிவிட்டது. மதுரையில் ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் அடி வாங்கித் தொழில் கற்றேன். வாங்கின அடியெல்லாம் உள்ளே கோபமாகத் தங்கிவிட்டது. பேரம் பேசும்போது வட்டியோடு வெளியே வரும். கடிகாரமோ, பம்புசெட்டோ, பல்லோ, எதையாவது சரிபண்ணிப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொருள் தானாகக் கெடுவது கொஞ்சம். சொந்தக்காரர் அதைக் காப்பாற்றக் கிளம்பும்போது கெடுவதுதான் மிச்சமெல்லாம். தொண்ணூறுகளில் நான் பட்டதைக் கேட்டு மனசை ஆற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போய் வந்த துப்பாக்கி

தேர்தல் என்று அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். காலியாக இருந்தால்தான் வாங்குவார்கள். குழலின் வாய்வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கியைக் காலி செய்ய வயல் வைத்திருக்கிற நம் சம்சாரிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விடிந்ததும் வயலில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி. புகை அடங்குமுன் முதல் பஸ். உள்ளே படிந்த கரி படிந்தபடியே இருக்கும். அந்தக் கரியில் உப்பு உண்டு. காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பைத் தின்னும். ஸ்டேஷன் மூலையில் ரெண்டு மாதம் சாத்திவைத்தால் அதற்கு விருந்துதான்.

அப்படி ஒரு தேர்தல் முடிந்து கல்லலிலிருந்து சூசையண்ணன் வந்தார். கடலை போடுகிற சம்சாரி. துப்பாக்கி அவர் அப்பா காலத்தது. காட்டுப்பன்றி இறங்கினால் வெறும் மருந்தைக் கெட்டித்து ஒரு சத்தம் போடுவார். பன்றி பக்கத்து வயலுக்குப் போய்விடும். "பளபளன்னு குடுத்தேன்யா. போலீசுக்காரக துருப்பிடிக்க விட்டுப்புட்டாக" என்றார்.

"கடைசி வெடி போட்டதும் கழுவுனீகளா?"

"எண்ணெய் விட்டேன்."

"கரிக்கு மேலயேவா? புண்ணைக் கழுவாமக் கட்டுப் போட்ட மாதிரில இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே, கொதிக்கிற கெட்டிலை எடுத்தேன். அவ்வளவுதான். மனுஷர் துப்பாக்கியைப் பச்சைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்துவிட்டார். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும்; கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழல் சூடேறித் தானே காய்ந்துவிடும்; அப்புறம்தான் மெல்லிசாக எண்ணெய் என்று நான் வாசலில் நின்று கத்தினேன். வருஷக் கடைசியில் லைசென்ஸ் புதுப்பிக்கத் தாலுகா ஆபீசில் துப்பாக்கியைக் காட்ட வேண்டும், உதவாத துப்பாக்கி என்று எழுதிவிட்டால் லைசென்ஸும் போச்சு கடலையும் போச்சு என்றும் கத்தினேன். இனி இந்தத் துப்பாக்கி என் கடைப் படி ஏறக் கூடாது என்றும் சேர்த்துக் கத்திவிட்டேன். அது தேவையில்லாத கத்தல். அவர் பதிலுக்கு நடுத்தெருவில் நின்று சொன்னார்: "துருப்பிடிச்சிருக்குன்னு வந்தா மிச்சத்துக்கும் பிடிக்க வைக்கிறியே, நீ மேஸ்திரியா, துருவுக்குத் தாய்மாமனா?"

ஏட்டையாவின் தீர்ப்பு

வம்பு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். நான் நேரே ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். அடுத்த தேர்தலுக்குத் துப்பாக்கி வாங்கும்போது கழுவி எண்ணெய் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், முடியாதென்றால் வாசலில் ஒரு அடுப்பு வைக்க இடம் கொடுங்கள், நானே கழுவித் தருகிறேன் என்றேன். நல்ல யோசனை என்று இப்போதும் சொல்வேன்.

ஏட்டையா பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க லாக்கப்புல இருக்கிறவனே பச்சத் தண்ணியிலதான் குளிக்கிறான், துப்பாக்கிக்கு வெந்நி கேக்க வந்துட்டீரு!"

அம்பலத்தின் பட்டை

ஆயுத பூஜை முடிந்து ரெண்டு வாரம் கழித்து நாச்சியாபுரத்திலிருந்து ஒரு அம்பலம் வந்தார். அம்பலம் என்றால் ஊர்ப் பெரியமனிதர். வேட்டி மடிப்பை வைத்தே காய்கறி நறுக்கலாம். துப்பாக்கியை மேசையில் வைத்தார். குழலின் மேல் மூன்று பட்டைகள், நடுவில் ஒரு வட்டம், எல்லாம் செம்பழுப்புத் துருவில். சந்தனத்தைக் குழைத்து, பட்டை அடித்து, குங்குமம் வைத்து, பத்து நாள் துடைக்காமல் சாமி பக்கத்திலேயே விட்டிருக்கிறார். ஈரச் சந்தனம் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தது. அச்சடித்த மாதிரி.

முதலில் வழக்கம்போல் கம்பியை உள்ளே விட்டு, மருந்து எதுவும் கெட்டித்திருக்கிறதா என்று அளந்து பார்த்தேன். காலி. அப்புறம் எண்ணெய் தொட்டு மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்க்கத் தொடங்கினேன். ஒரு பட்டை பாதி போனதும் அம்பலம் என் கையைப் பிடித்துவிட்டார். வீட்டில் அதைக் குலதெய்வமே வந்து இட்டுவிட்டுப் போனது என்று முடிவுகட்டி, மூன்று நாளாக ஊரே வந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறதாம். துரு போக வேண்டும், பட்டை இருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அவர் வேட்டியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். துரு என்றால் அந்தப் பட்டையேதான் என்று விளக்கிச் சொன்னேன். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்பச் சரி, உள்ளுக்குள்ள மட்டும் தொடைச்சு விடப்பா, வெளிய சாமி பாத்துக்கிறட்டும்."

மச்சான் வந்த அன்று

கடைக்குப் பின்னால்தான் வீடு. வெந்நீர் கொதிப்பது என் மனைவி பார்வதியின் அடுப்பில். கரிமருந்து படிந்த குழலில் வெந்நீர் பட்டால் அழுகின முட்டை வாசம் கிளம்பும். எனக்கு அது சம்பாத்திய வாசம். அவளுக்கு அப்படியில்லை. பள்ளத்தூரிலிருந்து அவள் அண்ணன் வந்திருந்த நேரம் பார்த்து மூன்று குழல் கழுவினேன். மச்சான் இலையில் உட்கார்ந்தவர், முட்டைக் குழம்பை ஒரு பார்வை, தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிடவும் மனசில்லை, சொல்லவும் மனசில்லை.

பார்வதி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பயப்படாமச் சாப்பிடுங்கண்ணே, முட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு; உங்க மச்சான்தான் தொழில் பாக்குறாரு."

தீர்த்தப் பேரம்

டிசம்பரில், மழை விடாத ஒரு வியாழக்கிழமை, சூசையண்ணன் திரும்ப வந்தார். படி ஏறவில்லை. சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு தெருவிலேயே குடைபிடித்து நின்றார். நான் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது, அவருக்கும் இருந்தது. பார்வதிதான் உள்ளேயிருந்து, "நனையாதீக, இங்குட்டு வாங்க" என்று அவரைக் கூப்பிட்டு, என்னை முறைத்தாள்.

விஷயம் இதுதான். என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர், குழல் நிறைய விளக்கெண்ணெயை ஊற்றி, வாயைத் துணியால் அடைத்து, ஆறேழு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார். எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி இறுகிவிட்டது. கம்பி பாதிக்கு மேல் போகவில்லை. திங்கட்கிழமை காலை தாலுகா ஆபீசில் காட்ட வேண்டும். அந்த வருஷம் புது லைசென்ஸ் யாருக்கும் கிடைக்கிற மாதிரி இல்லை. இது போனால் போனதுதான். விதைக்கடலை ஊன்றி நாலு நாளாகியிருந்தது. ஒரு ராத்திரியில் முக்கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போயிருந்தன பன்றிகள்.

அப்படியும் மனுஷர் பேரத்தை விடவில்லை. நானும் விடவில்லை. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பாக ஊற்று என்றார். கொதிக்கக் கொதிக்கத்தான் என்றேன். ஒரு கெட்டில் என்றார். அழுக்கு நிற்கிறவரை என்றேன். அப்படியானால் முதலில் மாதா கோயில் தீர்த்தம் தெளிக்கணும் என்று சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பங்குச் சாமியார் உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம். உப்பை வெளியே எடுக்கத்தானே இத்தனை பாடு! அரைமணி நேரம் கத்திக் கடைசியில் படிந்தது: மரக்கட்டைக்குத் தீர்த்தம், இரும்புக் குழலுக்கு வெந்நீர். குழலைக் கட்டையிலிருந்து கழற்றும்போது என் காதருகில் வந்து சொன்னார்: "கட்டைக்கு ஒண்ணும் ஆகாது, அது ஆண்டவர் பொறுப்பு, குழலுக்கு ஏதாச்சும் ஆனா உன்னய விடமாட்டேன்."

ஒன்பது கெட்டில்

அடிப்பக்கத்தை வாளிக்குள் வைத்துக் குழலை நிமிர்த்தி, வாய்வழியாக வெந்நீரை ஊற்றினேன். கீழே, தீப்பொறி தருகிற கேப்பு மாட்டுகிற முனையின் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வர வேண்டும். வரவில்லை. ரெண்டாவது கெட்டிலில் சோப்புக் கரைத்து ஊற்றினேன். கம்பியில் துணி சுற்றி ஏற்றி இறக்கினேன். நாலாவது கெட்டிலில் ஓட்டை திறந்து, கறுப்பாகப் பீச்சி அடித்தது, தொட்டில் பிள்ளை ஒன்றுக்குப் போவது மாதிரி. சூசையண்ணன் உருட்டிக்கொண்டிருந்த ஜெபமாலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். ஆறாவது பழுப்பு. எட்டாவது காப்பி. ஒன்பதாவதில் வாளியின் அடி தெரிந்தது.

குழல் கை வைக்க முடியாமல் சுட்டது. ஈரம் ஆவியாகப் போய்விட்டது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிப் பார்த்தால், நல்ல வேளை, ஆழமாகத் தின்னவில்லை; ரெண்டு நாள் வேலையில் சரியாகிவிட்டது. மெல்லிசாக எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினேன். துணி போனபடியே வந்தது. ஒரு நல்ல வார்த்தைக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துணியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டு ஈசியான வேலையா இது, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அதிகாரியின் கர்ச்சீப்

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். அவருக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வேலையை ஒரு அதிகாரி மெச்சுவதைப் பார்க்க ஆசை. அதிகாரி புதுசு, வயசும் கம்மி. சொந்தக் கர்ச்சீப்பைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுத்தார். மல்லிகைப்பூ மாதிரி வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல வெடிச்ச அடையாளமே இல்லையே! பயிர் பாதுகாப்புக்குன்னு வாங்கிட்டு உபயோகிக்காம வச்சிருந்தா எதுக்கு லைசென்ஸ்? ரத்துக்கு எழுதிட வேண்டியதுதான்" என்று பேனாவைத் திறந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. கழுவினது நான், ஒன்பது கெட்டில் என்று மேசையைத் தட்டினேன். "ஓ, ஆய்வுக்குன்னே கழுவிக் கொண்டுவந்தீங்களா? என்னத்த மறைக்கிறீங்க?" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல, அவர் ஒரு வரி எழுதிக்கொண்டே போனார். என் வாயால் சூசையண்ணனின் கடலை போய்க்கொண்டிருந்தது.

சூசையண்ணன் என்னை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினார். மடியிலிருந்து மருந்துப் பையையும் ஒரு கேப்பையும் எடுத்து, ஃபைல்களுக்கு நடுவில் பதவிசாக வைத்தார். கிளார்க் ரெண்டு பேர் நாற்காலியோடு சுவரோரம் போனார்கள். சூசையண்ணன் குரலை உயர்த்தவே இல்லை: "சந்தேகப்படுறது ஞாயந்தானுங்கய்யா, இப்பயே ஜன்னல் வழியா ஒரு வெடி போட்டுக் காமிச்சுப்புடுறேன், ஆனா வெடிச்ச கையோட கழுவணும், அதுக்கு மட்டும் கொஞ்சம் வெந்நி வைக்கச் சொல்லுங்க."

கையெழுத்தும் முத்திரையும் ஒரே நிமிஷத்தில் விழுந்தன.

ஆக, குழலில் கரி இருந்தால் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார், இல்லாவிட்டால் சர்க்கார் வரும் என்று தெரிந்துகொண்டே கெட்டிலை அடுப்பில் வைக்கிறவனுக்குத்தான் இந்தத் தொழில் லாயக்கு.