பிணத்துக்கு ஒதுக்கிய பணம்

நாடு விடுதலையடைந்து சில ஆண்டுகள் கழித்து, சாயல்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஓர் ஊரில் நர்சாக வேலைக்குச் சேர்ந்தேன். பஞ்சாயத்து நடத்திய சின்ன மருந்தகம். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் பிரசவம், காயம், காய்ச்சல் எல்லாம் என் தலையில்தான்.

ஊருக்குக் குடிதண்ணீர் மணலில் தோண்டிய ஊற்றுகளிலிருந்து. மழை பிடித்தால் தெருத் தண்ணீரெல்லாம் அவற்றுக்குள் இறங்கிவிடும். அதனால் ஐப்பசிக்கு முன்பே பிளீச்சிங் பவுடரும் சலைன் பாட்டில்களும் வாங்கி வைக்க வேண்டும் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்டேன். தலைவர் உப்பளம் வைத்திருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். சில வருஷமாகக் காலரா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையே, வராத நோய்க்கு எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று கேட்டார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் மற்றவர்கள்.

வந்தது. மழை விட்ட ஒரு மத்தியானம், மீனவர் தெருவிலிருந்து ஓர் இளைஞனைப் பாய்த்துணியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். சித்திரை மாதம்தான் அவன் மனைவிக்கு நான் பிரசவம் பார்த்திருந்தேன். நாடி பிடிக்கக் கையைத் தொட்டேன். காலையில் வலை இழுத்த கை; வற்றிச் சுருங்கிக் கிழவன் கைபோல ஆகியிருந்தது. கையிருப்பில் இருந்த சலைன் அவனுக்கே போதவில்லை. பொழுது சாய்வதற்குள் இறந்துபோனான். அதற்குள் அதே வாந்திபேதியோடு இன்னும் சிலரை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஓடினேன். ஓடை உடைத்துக்கொண்டதில் ரோடு அறுந்துவிட்டது, ராமநாதபுரத்திலிருந்து மருந்து வர வழியில்லை என்றார் தலைவர். அப்போது அவர் ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கோடித் துணிக்கும், குழி வெட்டும் கூலிக்கும், சுண்ணாம்புக்கும் என்றார் குமாஸ்தா. அதற்கு மட்டும் பணம் ஏது என்று கேட்டேன்.

"அநாதைப் பிண அடக்கம்னு வருஷா வருஷம் ஒதுக்கி வச்சிருக்கும்மா. அதை எடுக்க யாரையும் கேக்க வேண்டாம்," என்றார் தலைவர், சாதாரணமாக.

நான் மேசையருகே போனேன்.

"அப்ப இந்தச் சனங்க செத்தாத்தான் உங்க பணம் வெளிய வருமா?"

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். கையெழுத்திட்ட காகிதங்களை ஒதுக்கிவிட்டு, அந்தப் பணம் முழுவதையும் மருந்துக்குக் கொடுக்கும்படி குமாஸ்தாவிடம் சொன்னார். மேலே கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

இறந்தவனின் மைத்துனன் இன்னும் மூவரைச் சேர்த்துக்கொண்டு, மருந்து வாங்கிவரக் கடல் வழியாகக் கீழக்கரைக்கு வள்ளம் எடுத்தான். போகும்போது எதிர்க்காற்று. அவர்கள் திரும்பி வரும்வரை உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தேன். சிலர் பிழைத்தார்கள். சிலர் வள்ளம் கரை சேர்வதற்குள் போய்விட்டார்கள்.

வள்ளத்தில் வந்த பவுடரை ஊற்றுகளில் போட்ட அன்று இறந்தவனின் மனைவியும் வந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. நான் பவுடரைக் கரைத்து ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நர்சம்மா, இந்தப் பவுடர் போன மாசமும் கடையில இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதன்பின் நோய் பரவவில்லை. அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில், நோய் வருமுன் மருந்து வாங்கி வைப்பதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கினார்கள். தலைவர் குனிந்த தலை நிமிராமல் வாசித்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. குடிக்கக் கொடுத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமான காரியமா இது என்று நான் அந்த நாற்காலியிலேயே எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.