ஒன்றேகால் அங்குல அத்தான்

என் அத்தானை எனக்குப் பிடிக்காது. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே பிடிக்காது. மனிதர் பித்தளைத் தகட்டில் உளியால் பெயர் வெட்டுபவர். இந்த வட்டாரத்து டாக்டர், வக்கீல் வாசல்களில் தொங்கும் பெயர்ப்பலகைகளில் பாதி அவர் கைவேலைதான். கோடு பிசகவே பிசகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் அவருக்கு 'நூல்' என்றே பெயர். அதற்காக அடுத்தவன் தொழிலும் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் சகிக்க முடியாது.

நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அவரிடம் முப்பது வருடப் பழைய மலைச் சைக்கிள் ஒன்று இருந்தது. இரும்பு உடம்பு. முன்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் கல்லில் ஏறினால் அந்த இடி நேரே கைக்கு வந்து சேரும். கட்டை கட்டையாகத் துருத்திய பழைய டயர் தேய்ந்துவிட்டது, ரோட்டுக்கு ஏற்ற வழவழப்பு டயர் போடவேண்டும் என்று வந்தார். நான் இரண்டு அங்குல டயரை எடுத்து வைத்தேன். அந்த மாதிரி வண்டிக்கு மெத்தை என்று இருப்பது டயருக்குள் இருக்கும் காற்று மட்டும்தான்.

"என்ன இது, பூசணிக்கா மாதிரி? ஒண்ணேகால் இஞ்ச் போடு. ஒல்லியா இருந்தாத்தான் வண்டி பறக்கும்."

"அத்தான், நீங்க போற வழி பூரா கல்லு பாவின தெரு..."

"உன்கிட்ட நான் யோசனை கேட்டேனா? போடுன்னா போடு."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போட்டுத் தொலைக்கிறேன், நல்லா அனுபவி என்று கறுவிக்கொண்டே ஒன்றேகாலை மாட்டினேன். டயர் பக்கவாட்டில் காற்றின் அளவு எண்பத்தைந்து பவுண்டு என்று அச்சடித்திருந்தது. அதற்கு மேல் போகாதே என்றுதான் அர்த்தம். அவரோ குனிந்து படித்துவிட்டு, "சரி, தினம் எண்பத்தஞ்சு அடிச்சிரணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அவருக்குக் கை மரத்துப் போகுதுடா தம்பி. உளி நிக்க மாட்டேங்குது. நேத்து பல் டாக்டர் பலகையில ரெண்டாவது வரி சாஞ்சுபோச்சு. வயசாயிருச்சு, இனிமே பட்டறைய மூடிரலாம்னு சொல்லிட்டு உக்காந்து அழறாரு."

வயசாவது, மண்ணாவது! தினமும் போக வர ஆறு கிலோமீட்டர் கல்லு ரோடு, கருங்கல் மாதிரி இறுகின டயர். உளி பிடிக்கிற கையை நானே அல்லவா அடித்துப்போட்டிருக்கிறேன்.

இரண்டு அங்குல டயரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். முக்காலியில் உட்கார்ந்து வலது கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு வந்த? வேடிக்கை பாக்கவா?"

"கைக்கு ஒண்ணும் இல்ல அத்தான். டயர்தான் காரணம். இத மாட்டி, நாப்பது பவுண்டு காத்து வச்சாப் போதும்."

என்னை உற்றுப் பார்த்தார். "இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"எண்பத்தஞ்சுன்னு நான் சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீங்கதான் கேக்கலையே."

"வெளியே போடா!"

வாசலில் உட்கார்ந்து இரண்டு டயரையும் மாற்றினேன். காற்றை நானே அளந்து வைத்தேன். எழுந்து திரும்பினால் பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. அக்காவும் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கை தேறியதா இல்லையா என்று யாரிடம் கேட்பேன்?

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் காலை அக்கா வந்து காகிதத்தில் சுற்றிய எதையோ என் மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"குடுக்கச் சொன்னாரு."

பிரித்தேன். பளபளவென்று பித்தளைப் பலகை. அதில் ஒரே வரி:

'இங்கே கேட்டால் மட்டுமே சொல்வார்கள்.'

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. ஆனாலும் என் கை தானாக இரும்பு அளவுகோலை எடுத்தது. எழுத்துகளுக்கு அடியில் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தேன். மயிரிழைகூட விலகவில்லை. பாவி மனுஷன், பிழைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு வருகிற எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து ஆணி அடித்தேன்.