பூட்டச் சொன்னது யார்

சுனாமி வந்துபோன அடுத்த ஆண்டு, மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். உப்பளத்து உப்பைக் கழுவிக் காயவைத்து, அயோடின் கலந்து, பாக்கெட் போட்டு அனுப்பும் இடம் அது. ஆபீசில் மேனேஜர், கணக்குப் பார்க்கும் மேடம், லோடு அனுப்புகிற ஒருவர், நான். பின்னாலிருந்த பெரிய ஷெட்டில் பாக்கெட் போடுபவர்கள் எல்லாரும் பெண்கள்.

ஆபீசுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பாத்ரூம். அதற்குப் பூட்டு. சாவி மேடத்தின் டிராயரில் இருக்கும். சேர்ந்த அன்றே எனக்குக் காட்டினார்.

"போயிட்டு வந்து மறக்காம பூட்டிடு. இல்லன்னா அதுங்க வந்துடும்."

அதுங்க. ஷெட்டுப் பெண்களைத்தான் சொன்னார், ஆட்டையும் மாட்டையும் சொல்கிற மாதிரி.

முன்பெல்லாம் ஷெட்டுப் பெண்கள் உப்பங்கழிப் பக்கம் கருவேல மரங்களின் மறைவுக்குப் போவார்களாம். சுனாமிக்குப் பிறகு அந்த மரங்களை வெட்டிவிட்டு, வீடிழந்தவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பகல் முழுக்க ஆள் நடமாட்டம். அதனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் இருட்டிய பிறகு வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டே இருந்தார்கள்.

பாக்கெட் வாயை ஒட்டும் சீலிங் மெஷினில் நிற்கும் அக்கா ஒருவர்தான் மூட்டைக் கணக்கைச் சொல்ல என்னிடம் வருவார். வெயில் காலத்தில் ஒருநாள், உதடெல்லாம் வெடித்திருக்கிறதே என்று என் பாட்டிலை நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டினார்.

"தண்ணி குடிச்சா போவணும்மா. எங்க போறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைப் போய் நான் அக்கா என்று கூப்பிடுகிறேனே என்று அன்று மேடம் வேறு என்னைக் கோபித்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு மதியம் அந்த அக்கா மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். உடம்பு கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் கிருமி சேர்ந்து கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். என்னை வீட்டு மனுஷி என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பொம்பள தண்ணி குடிக்கிறாளா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டீர்களா என்று என்னிடம் கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் நேராக மேனேஜரிடம் போனேன். அந்தப் பூட்டை எடுத்துவிடலாமே சார் என்றேன்.

"முதலாளி ஆர்டர்மா. நான் என்ன பண்றது?"

திறந்துவிட்டால் மாற்றி மாற்றி எழுந்து போவார்கள், பாக்கெட் குறையும் என்றார் மேடம். அப்புறம் நாம் அதில் கால் வைக்க முடியுமா என்றும் கேட்டார். அவர்களுக்கு வெட்டவெளிதான் பழக்கம் என்று லோடு பார்ப்பவர் சிரித்தார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் எப்படி இருக்கிறார் என்று மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மேடம் கல்நெஞ்சுக்காரி இல்லை. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரியில் சேர்த்திருந்தபோது, ராத்திரியெல்லாம் என் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர். அதே மனுஷிதான் அந்தச் சாவியை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தார். இதை நினைத்தால் என் கோபம் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

ஆயுத பூஜைக்கு முதலாளி வந்தார். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியிருந்த அந்த அக்காவும் பொரி வாங்க வரிசையில் நின்றிருந்தார். ஷெட்டில் எல்லாரும் இருந்தார்கள். இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று கேட்டுவிட்டேன்.

"சார், ஷெட்டுல இருக்கறவங்களுக்குப் பாத்ரூம தொறந்து வுடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே. ஏன் சார்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"நான் எப்பப்பா சொன்னேன்? அங்க பூட்டு போட்டிருக்குதா?"

தனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று மேனேஜர் முனகினார். மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே அந்த உத்தரவைப் போடவில்லை. சாவி கைக்கு வந்தவர்கள் எல்லாம், போட்டவர் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு பூட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு பொம்பள உடம்பு கெட்டுப்போனது இல்லாத ஓர் உத்தரவால். முதலாளி மட்டும் யோக்கியமா? இத்தனை வருஷம் கம்பெனி நடத்துகிறவர், இந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. தொறந்து வுட்டுடுப்பா என்று சொல்லிவிட்டு, பொரியை மென்றுகொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றே பூட்டு போனது. அதோடு என்னைத் தவிர ஆபீஸ்காரர்கள் அந்தப் பக்கம் போவதும் நின்றது. மேடம் மதியத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்தார். மேனேஜர் முதலாளிக்கு ஒரு போன் போட்டார், அவ்வளவுதான். பொங்கலுக்குள் ஆபீசுக்குப் பின்னால் டைல்ஸ் பதித்த புது பாத்ரூம் வந்துவிட்டது, ஸ்டாஃபுக்கு மட்டும் என்று. புதுசுக்குக் குழாய் லைன் இழுத்ததில் பழையதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஷெட்டுப் பெண்கள் குழாயடியிலிருந்து வாளியில் தூக்கினார்கள்.

எனக்கும் ஒரு சாவி கொடுத்தார்கள். வாங்கவில்லை. பழையதற்கே போனேன். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். என் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல், டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுவேன்.

2006 பாதியில் திண்டிவனத்தில் வேறு வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று மேனேஜர் கை கொடுத்தார்.

"நல்ல பொண்ணுதான்மா நீ. ஆனா அட்ஜஸ்ட் பண்ணிப் போவத் தெரியல."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அழுகைதான் வரும். வாயைத் திறந்தால் அவர் எதிரிலேயே அழுதுவிடுவேன் என்று, கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பெருமுக்கல் தாண்டும்வரை அந்த ஆளை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனேன்.