ஹெக்னி ஆடக் கூடாத ஆட்டம்

ரன்வாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிக் காரில் ஏறிய பிறகும் ஒரு தடவை இறங்கிப்போய்க் கதவை இழுத்துப் பார்ப்பாள். ஸ்கார்விக் என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் வேறு யாரும் கதவைப் பூட்டுவதே கிடையாது. கணவர் மீன்பிடிக் கப்பலில் கிரீன்லாந்துப் பக்கம் போயிருக்கும் மாதங்களில் வானொலியில் காற்றைப் பற்றிய அறிவிப்பு வந்தால் சமையலறையே நின்றுவிடும். “கவலைப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு கவலைப்படுவா இவ” என்று அவளுடைய அக்கா மார்யுன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

இளம் வயதில் ரன்வா ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியில் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரி. முழங்கால் போன பிறகும் கிளப்பை விட்டுப் போக மனம் வரவில்லை. சட்டை துவைத்தாள், இடைவேளையில் காபி விற்றாள். பகலெல்லாம் சால்மன் ஆலையில் பெட்டி அடுக்கும் வேலை. கிளப்பில் ஆட்டக்காரர் பதிவுகளைப் பார்த்துவந்தவர் குடும்பத்தோடு கோபன்ஹேகன் போய்விட்டபோது, கிளப் தலைவர் ஹானுஸ் ஆலை வாசலுக்கே வந்து நின்றார்.

“நீதான் சரியான ஆளு. எதையும் மூணு தடவை பார்க்காம விடமாட்ட.”

“எனக்குப் பயமா இருக்கு தலைவரே.”

“அதனாலதான் உன்னைக் கேக்குறேன்.”

அந்தக் கோடையில் யாரும் எதிர்பாராதது நடந்தது. எண்ணூறு பேர் வசிக்கும் ஊரின் அணி, பள்ளி வாத்தியாரும் தச்சரும் எலெக்ட்ரீஷியனும் ஆடுகிற அணி, தகுதிச் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஐரோப்பியக் கோப்பையின் பிரதான சுற்றுக்குள் போய்விட்டது. ஊரே கடற்கரையில் தீ மூட்டி ஆடியது. ரன்வா மட்டும் வீட்டில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோப்பையில் ஒவ்வொரு அணியும் இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும். பெரிய பட்டியல் செப்டம்பர் தொடக்கத்திலேயே மூடிவிடும். அப்புறம் அதில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. சிறிய பட்டியல் கிளப்பிலேயே வளர்ந்த இளைஞர்களுக்கானது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய நாள்வரை அதில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பதினைந்து வயது முடிந்த பிறகு, இடையில் முறியாமல் இரண்டு வருஷம் அந்தக் கிளப்பில் பதிவாகியிருக்க வேண்டும். தகுதியில்லாத ஒருவன் களத்தில் கால் வைத்துவிட்டால், ஜெயித்த ஆட்டமும் தோற்ற ஆட்டமாகிவிடும்.

சிறிய பட்டியலுக்கு நான்கு பையன்கள் இருந்தார்கள். மூன்று பேரின் வீடுகளுக்கு ரன்வா நேரில் போனாள். வேறு எங்காவது ஆடினானா, எப்போது சேர்ந்தான், எப்போது நின்றான் என்று அவர்களுடைய அம்மாக்களைக் குடைந்தெடுத்தாள். நான்காவது பையன் ஹெக்னி, மார்யுனின் மகன். அவனைப் பற்றி யாரிடம் கேட்பது? அவனுடைய முதல் பூட்ஸை வாங்கிக் கொடுத்ததே ரன்வாதான். நடுவில் ஒரு வருஷம் டென்மார்க்கில் விடுதிப் பள்ளியில் படித்தான்; அது ஊரில் பாதிப் பிள்ளைகள் செய்வதுதான். பள்ளி மைதானத்தில் பந்து உதைத்திருப்பான், பதிவு இங்கேயேதான் இருந்திருக்கும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

முதல் ஆட்டம் ஸ்லோவாக்கியாவில். கோல் இல்லாமல் சமனில் முடிந்தது. அந்த ஒரு புள்ளிக்கே ஊர் தலைகால் புரியாமல் குதித்தது. கடைசி நிமிஷங்களில் பயிற்சியாளர் பிராந்துர், ஹெக்னியை இறக்கப் பார்த்தார். அவன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். பந்து வெளியே போனால்தான் ஆளை மாற்ற முடியும்; அது போகவே இல்லை. நடுவர் விசில் ஊதிவிட்டார். “இன்னும் ரெண்டு நிமிஷம் குடுத்திருக்கலாம் அந்தக் கடன்காரன்” என்று மார்யுன் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்யுன் வீட்டில் காபி. ருபார்ப் ஜாம் வைத்த கேக்கை ஹெக்னி பாதிக்கு மேல் தின்று முடித்திருந்தான். பால் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போன ரன்வா, அதன் கதவில் புதிதாக ஒட்டியிருந்த ஒரு போட்டோவைப் பார்த்து நின்றாள். சிவப்புச் சட்டையில் ஹெக்னி, இரண்டு வயது சின்னவனாக. பின்னால் முறையான உடுப்பில் நடுவர். கோட்டோரத்தில் கொடியோடு இன்னொருவர்.

“இது எங்கடா எடுத்தது?”

“டென்மார்க்ல, சித்தி. பழைய ஃப்ரெண்ட் ஒருத்தன் அனுப்பினான். நல்லா இருக்கேன்ல?”

“பள்ளிக்கூட ஆட்டத்துக்குக் கொடி பிடிக்க ஆள் வருவாங்களா?”

“பள்ளிக்கூடம் இல்ல. அந்த ஊர் கிளப். நாங்க மூணு பேர் போய்ச் சேர்ந்தோம். வசந்தகாலம் முழுக்க லீக் ஆடினோம்.”

“உன் பேரைப் பதிவு பண்ணினாங்களா?”

“ஏதோ பேப்பர் அனுப்பினாங்க. அம்மா கையெழுத்துப் போட்டாங்களே. ஏன் சித்தி, முகம் ஏன் இப்படிப் போகுது?”

“ஒண்ணுமில்ல” என்றாள் ரன்வா. தட்டில் இருந்த கேக் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை இடைவேளையில், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் காருக்குள் உட்கார்ந்து தலைநகரில் இருக்கும் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த பெண் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஹெக்னியின் பதிவு டென்மார்க்குக்குப் போயிருந்தது உண்மை. கணுக்கால் உடைந்து ஊர் திரும்பியவன்; அவனால் ஆட முடியாத நிலையில் பதிவைத் திருப்பிக் கொண்டுவர யாரும் அவசரப்படவில்லை. நவம்பர் கடைசியில்தான் அது திரும்பி வந்திருக்கிறது.

“அப்ப ரெண்டு வருஷம்?”

“இந்த நவம்பர் கடைசியில முடியும்.”

“அதுக்கு முன்னாடி அவன் ஆடினா?”

“ஆடிட்டானா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

ரன்வாவுக்கு ஸ்லோவாக்கியாவில் கோட்டருகே நின்ற பையன் கண்ணுக்குள் வந்தான். பந்து ஒரே ஒரு தடவை வெளியே போயிருந்தால் போதும். பட்டியலில் பெயர் இருந்ததே தப்பா, பெஞ்சில் உட்கார்ந்ததும் கணக்கா, ஊர் கொண்டாடிய அந்தப் புள்ளி போய்விடுமா, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஆலை மணி அடித்தும் அவள் இறங்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை போனில் ஒரு கடிதத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கிளப் அறையில் ஹானுஸும் பிராந்துரும் இருந்தார்கள். வியாழக்கிழமை போலந்து அணியோடு சொந்த மண்ணில் ஆட்டம். வழக்கமான இடது தடுப்பு ஆட்டக்காரர், எலெக்ட்ரீஷியன், தொடைத் தசை கிழிந்து படுத்திருந்தார். அந்த இடத்தில் முதலிலிருந்தே ஹெக்னியை ஆடவைப்பதாகப் பிராந்துர் முடிவு செய்திருந்தார். ரன்வா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“அவன் நம்ம ஊர்ப் பையன்” என்றார் ஹானுஸ். “அவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப முதல் வரிசைல உட்கார்ந்திருந்தவன் நான். இல்லன்னு எவன் சொல்லுவான்?”

“ஊர்ப் பையன் இல்லன்னு யாரும் சொல்லல தலைவரே. ரெண்டு வருஷம் ஆகலன்னுதான் சொல்றாங்க.”

“பேரைக் குடுத்தது நீதானே?”

“நான்தான்.”

“இப்ப எடுக்கணும்னு சொல்றதும் நீதான்.”

“ஆமா.”

“நல்லா இருக்கே! யாரு வந்து தோண்டிப் பார்க்கப் போறா?”

பிராந்துர் அதுவரை தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். “போலந்துக்காரன் தோத்தா சும்மா போவானா, ஹானுஸ்?” என்றார். “பையனோட பழைய படமெல்லாம் ஊர் ஊராப் போன்ல கிடக்கு. நாம ஜெயிச்சதையும் புடுங்கிட்டுப் போவான். எனக்கு வேணாம்.”

ஹானுஸ் பெருமூச்சு விட்டார். “சரி, எடுத்துத் தொலை. ஆனா போன ஆட்டத்தைப் பத்தி மூச்சு விடக் கூடாது. அவன் இறங்கவே இல்ல. முடிஞ்சது முடிஞ்சுபோச்சு.”

ரன்வா தரையைப் பார்த்தாள். “மத்தியானமே எழுதிக் கேட்டுட்டேன்.”

“யாருக்கு?”

“ஐரோப்பியக் கோப்பை ஆபீசுக்கு.”

ஹானுஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மைதான வேலிக்குள் நுழைந்துவிட்ட இரண்டு ஆடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ மனுஷியா, இல்ல ஆலைல அடிக்கிற அலாரமா?” என்றார், திரும்பாமலே.

பையனிடம் சொல்வதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. பயிற்சிக்கு நடுவே அவனைக் கோட்டோரமாகக் கூப்பிட்டாள். முதலில் அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

“சித்தி, நான் பொறந்ததே இங்க.”

“தெரியும்டா.”

“அப்பா நார்வே கப்பல்லேந்து லீவு போட்டு வர்றாரு. டிக்கெட் எடுத்துட்டாரு.”

ஹெக்னி அங்கேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். பயிற்சி முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது.

மார்யுன் அன்று மாலையே வந்தாள். உள்ளே வரவில்லை, கோட்டைக் கழற்றவில்லை.

“பேரைப் போட்டவளும் நீ, எடுத்தவளும் நீ. ஊர் முன்னாடி என் புள்ளைய நிக்க வச்சுட்ட.”

“அக்கா, அவன் ஆடினா மொத்த அணிக்கும்…”

“அணி, அணி! உன் வயித்துல ஒண்ணு பொறந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

சொன்ன பிறகு மார்யுனின் முகமே வெளுத்துப்போனது. ஆனாலும் சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். ரன்வா கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். குழந்தை இல்லை என்பதை அவள் வீட்டார் ஒருவரும் அதுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

ஸ்கார்விக் மைதானத்தில் ஐரோப்பிய ஆட்டம் நடத்த அனுமதியில்லை என்பதால் போலந்து ஆட்டம் தலைநகரில் நடந்தது. கடலிலிருந்து அடித்த காற்றில் கோல் கீப்பர் உதைத்த பந்து அவருக்கே திரும்பி வந்தது. இடது பக்கத்தில் தச்சர் ரோயி, முப்பத்து நான்கு வயதுக்காரர், பழக்கமில்லாத இடத்தில் மூச்சு வாங்க ஓடினார். எதிரே ஹெக்னியும் அவன் அப்பாவும் அருகருகே உட்கார்ந்திருந்ததை ரன்வா பார்த்தாள். எழுபதாவது நிமிஷத்தில் ரோயியின் பக்கமாக வந்த ஒருவன் கோல் போட்டான். ஸ்கார்விக் தோற்றது.

அதன் பிறகு கடைக்குப் போவதே அவளுக்குத் தண்டனையாகிவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டே குத்தினார்கள். ரொட்டி அடுக்கின் முன்னே ஒரு பெரியவர் அவளை நிறுத்தினார். “ரன்வா, உன் பட்டியல்ல என் பேரைப் போட்டுக்கோ. அறுபது வருஷமா இந்த ஊரை விட்டு நான் அசையல.” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்க முயன்று, வாங்க வந்த ரொட்டியை மறந்து வெளியே வந்தாள்.

ஐரோப்பிய அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. ஆலையில் போன் அதிர்ந்தாலே கையுறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுவாள். பல் மருத்துவரின் நினைவூட்டலோ கணவரின் செய்தியோதான் இருக்கும். நடுவில் இன்னொரு ஆட்டமும் வந்து போனது, ஹெக்னி இல்லாமல். மொத்தம் இரண்டு புள்ளி கையில் இருந்தது. அதில் ஒன்று போய்விடலாம் என்று தெரிந்த மூன்று பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். ரன்வா உடம்பு இளைத்தாள். ஒருநாள் பெட்டிகளில் ஊர்ப்பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டி, ஹாம்பர்க் போக வேண்டிய மீனைப் பாரிசுக்கு அனுப்பப் பார்த்தாள்.

பதில் ஒரு புதன்கிழமை வந்தது, நாலே வரியில். ஆட்டக்காரர் களத்தில் இறங்கவில்லை. முடிவு அப்படியே நிற்கும். இனி கவனமாக இருக்கும்படி கிளப்புக்கு எச்சரிக்கை. ரன்வா கவிழ்ந்து கிடந்த ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து மறுபடி மறுபடி படித்தாள். அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று பக்கத்தில் வேலை செய்தவர்களால் சொல்ல முடியவில்லை.

ஹானுஸுக்குப் போன் போட்டபோது, “இந்த நாலு வரிக்கா என் தூக்கத்தைக் கெடுத்த?” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் காலை அவள் வாசல்படியில் காற்றில் உலர்த்திய ஆட்டுத் தொடை ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று அவளும் கேட்கவில்லை.

நவம்பர் முடிந்தது. ஹெக்னியின் இரண்டு வருஷம் நிறைந்த பிறகும் அவள் அவசரப்படவில்லை. சங்க அலுவலகத்துப் பெண்ணுக்கு இரண்டு தடவை போன் போட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் அவன் பெயரை மறுபடி சேர்த்தாள். கடைசி ஆட்டம் சைப்ரஸில். இனி ஜெயித்தாலும் அடுத்த சுற்றுக்குப் போக வழியில்லை. அணி விமானம் ஏறியது. ரன்வா வீட்டில் தொலைக்காட்சி முன்னால் தனியாக உட்கார்ந்தாள். மார்யுன் அவளோடு பேசி ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இரண்டாம் பாதியின் நடுவில், அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது, கோட்டருகே ஹெக்னி வந்து நின்றான். சரியாகத்தான் செய்தோம் என்று ரன்வாவுக்குத் தெரியும். ஆனாலும் யாராவது ஓடிவந்து அவனை நிறுத்திவிடுவார்கள் என்று காத்திருந்தாள். பலகையில் அவன் எண் ஒளிர்ந்தது. அவன் உள்ளே ஓடினான். யாரும் நிறுத்தவில்லை.

போன் அடித்தது.

“பார்க்குறியா?” என்றாள் மார்யுன்.

“பார்க்குறேன்.”

“சட்டையை உள்ள விடச் சொல்லு அவனை. ஆட்டிடையன் மாதிரி இருக்கான்.”

“இங்கேந்து எப்படிக்கா சொல்றது?”

இருவரும் போனை வைக்கவில்லை. ஹெக்னியை ஒருவன் சுலபமாக ஏமாற்றிக்கொண்டு போனபோது இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்ற சத்தம் கேட்டது. அதே ஆள் மறுபடி வந்தபோது ஹெக்னி விழுந்து புரண்டு பந்தைத் தட்டிவிட்டான். மார்யுன் மூக்கை உறிஞ்சுவது ரன்வாவுக்குக் கேட்டது. ஆட்டம் மூன்றுக்கு ஒன்று என்று தோல்வியில் முடிந்தது.

“அன்னிக்கு நான் சொன்னது…” என்று மார்யுன் ஆரம்பித்தாள்.

“விடுக்கா.”

“விட முடியல. அதான் இத்தனை நாளா போன் பண்ணல.”

அந்தச் சொல் ரன்வாவுக்கு இன்னும் உள்ளே வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

“சனிக்கிழமை பசங்க வந்து இறங்குறாங்க” என்றாள் மார்யுன். “ஏர்போர்ட் போகணும். சுரங்கப் பாதைல தனியா ஓட்ட எனக்குப் பிடிக்காது. நீ வர்றியா?”

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள் ரன்வா.