அவுரிக் கிடங்கில் நான் பேசிய பேச்சு

வில்லியனூருக்கு வெளியே, ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதையில், பழைய அவுரிக் கிடங்கு ஒன்று இருந்தது. அவுரிச் சாயத்துக்கு நல்ல விலை இருந்த நாளில் கட்டியது. விலை போனபின் வௌவால்கள் குடியிருந்தன. பிறகு ஒரு பிரெஞ்சு டாக்டரும் நம்மவர் சிலரும் அதை வாடகைக்கு எடுத்து மேசன் சபை என்ற ரகசியச் சகோதரர் சங்கம் வைத்தார்கள். சபையின் கூரை வானம்போல் நீலமாக இருக்க வேண்டும் என்பது விதியாம். சுவரில் ஊறிய சாயம் மழைக்காலத்தில் தானாகவே நீலமாகக் கசியும். கூரைக்கும் அதே நிறம் பூசி நட்சத்திரம் வரையச் சொன்னார் டாக்டர். வரைந்தவர் தேருக்கு வண்ணம் தீட்டுகிறவர். நட்சத்திரங்களுக்கு நடுவே கை பழக்கத்தில் தாமரை இதழ்களும் விழுந்துவிட்டன. டாக்டர் அதை அழிக்க விடவில்லையாம். இதெல்லாம் நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது. நான் போனபோது டாக்டர் இல்லை, இதழ்கள் இருந்தன.

ஊரார் அதைத் தலைவெட்டி பங்களா என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கூடுகிறவர்களைப் பற்றி வேறு என்ன சொல்வார்கள்?

என்னை அங்கே அழைத்துப் போனவர் என் மனைவியின் அண்ணன். மேரி என்கிற நகரசபை ஆபீஸில் குமாஸ்தா. நான் ஒதியம்பட்டில் கரும்பு போடுகிறவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பிரெஞ்சு காதில் ஏறும், வாயில் வராது. நாலு பேர் நடுவில் நின்றால் தமிழும் வராது.

"ஆள் கொறஞ்சிகினே போவுது மாப்ள. நீ வந்து ஒக்காந்தா போதும்" என்றார்.

"எனக்குப் பேச வராதே மச்சான்."

"புதுசா சேர்றவன் பேசவே கூடாது. அதான் அங்க விதி."

அந்த விதிக்காகவே சேர்ந்தேன்.

கண்ணைக் கட்டி என்னை உள்ளே நடத்திச் சென்ற நாள் கனவுபோல்தான் ஞாபகம் இருக்கிறது. யாரோ தோளைத் தொட்டார்கள். எங்கோ இரும்பு உரசியது. கட்டை அவிழ்த்தபோது முதலில் தெரிந்தது நீலம். அதற்குள் இருந்து ஒவ்வொரு முகமாக வந்தது. புதியவர்களுக்கு வடக்குப் பக்கத்து பெஞ்சு. அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும்போது கூடுவோம். ஆனால் சபைத் தலைவரான பிரெஞ்சுக்கார வாத்தியார், "இப்போது மணி என்ன?" என்று கேட்பார். "நடுப்பகல்" என்று பதில் வரும். முடிக்கும்போது "நள்ளிரவு" என்பார்கள். எல்லா ஊரிலும் மேசன்களுக்கு அதுதான் நேரமாம். நள்ளிரவிலிருந்து கதவைத் திறந்து வெளியே வந்தால் மாடுகள் ஆற்றிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் எது மெய்யான பொழுது என்று தெரியாமல் நடப்பேன்.

கலையும் முன் வட்டமாக நின்று கை கோப்போம். என் ஒரு பக்கம் வாத்தியாரின் சாக்குக்கட்டி படிந்த கை. மறு பக்கம் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். கிறிஸ்தவர், சேரியில் பிறந்தவர். எங்கள் தெருவில் அவர் செருப்புப் போட்டு நடந்ததில்லை. இங்கே அவர் கையைப் பிடித்திருப்பேன். பிறகு ஒரே பந்தியில் சாப்பிடுவோம்.

"அங்கயாவது வாயத் தொறந்தீங்களா?" என்று வீட்டில் கேட்பாள்.

"தொறக்கக் கூடாதாம்."

"உங்களுக்குன்னே கட்டன சங்கம்."

இப்படியே இருந்திருப்பேன். ஆனால் மூத்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்புவதாகச் சொன்னார். அவர் போய்விட்டால் மேல்படி ஏறியவர்கள் போதாது. யாராவது வடக்கிலிருந்து தெற்கு பெஞ்சுக்கு ஏறாவிட்டால் சபையை மூட வேண்டியதுதான் என்றார் வாத்தியார். வடக்கில் நான் மட்டும்தான் இருந்தேன். ஏறுவதற்கு ஒரு வழிதான் உண்டு. இங்கே கற்றதைப் பற்றி எல்லார் முன்னும் பேச வேண்டும். அதன்மேல் ஓட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுமே என்ற பயமும், பேச வேண்டுமே என்ற பயமும் என்னை மாற்றி மாற்றி இழுத்தன. கரும்புத் தோட்டத்தில் நடந்தபடி ஒரு பேச்சைத் தயார் செய்தேன். தோகைகளிடம் சொன்னபோது நன்றாகத்தான் வந்தது.

அந்த நாளும் வந்தது. வாத்தியார் பேச அனுமதி தந்தார். எழுந்தேன். ஒன்றும் வரவில்லை.

சபையில் இன்னொரு விதி உண்டு. ஒருவர் பேச எழுந்தால், அவர் "சொல்லிவிட்டேன்" என்று முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் அதைச் சொல்லவில்லை. ஆகவே எல்லாரும் காத்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பேசுமுன் இப்படித்தான் நிற்பார்கள் என்று வாத்தியார் நினைத்தாராம். நம்மவர்களோ தலைவரே சும்மா இருக்கும்போது நாம் என்ன செய்வது என்று இருந்தார்களாம்.

முதலில் காது அடைத்தது. பிறகு திறந்தது. வயலில் தவளைச் சத்தம். தூரத்தில் யாரோ துணி துவைக்கும் ஓசை. விளக்கு அசைந்தபோது கூரையும் மெல்ல நகர்வதுபோல் இருந்தது. அந்த வருடம் தேர்தல் சண்டையில் சபையே இரண்டு கட்சியாகக் கிடந்தது. ஓடு வியாபாரம் செய்த பாயும் என் மச்சானும் முகம் பார்ப்பதில்லை. இப்போது இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயின் புருவம் இளகுவதைக் கண்டேன். யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"சொல்லிவிட்டேன்" என்றேன்.

ஓட்டுக்காக என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பழைய கதவு. உள்ளே பேசியது கேட்டது.

"பேசவே இல்லியே பா" என்றது பாயின் குரல். "விதின்னு ஒண்ணு கீதே."

"உம்ம ஆளா இருந்தா விதி கேப்பீரா?" என்றார் மச்சான்.

"தோ, ஆரம்பிச்சிட்டீங்களே" என்று கம்பவுண்டர் குறுக்கிட்டார். "தேர்தல் வந்ததுலேர்ந்து இப்பதான் கொஞ்ச நேரம் ஒருத்தர ஒருத்தர் கடிக்காம ஒக்காந்தோம். யாரால ஒக்காந்தோம்? நாம பேசின பேச்செல்லாம் அத செஞ்சிதா?"

அப்புறம் ஓட்டு. சம்மதத்துக்கு வெள்ளைக் கோலிக்குண்டு, மறுப்புக்குக் கறுப்பு. ஓட்டுப் பெட்டியில் குண்டுகள் விழும் ஓசை மட்டும் வந்தது. வாசலில் நின்று என் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்தவர் பாய்.

"இன்னா நிக்கற? எல்லாம் வெள்ளக் குண்டு" என்றார். "உள்ள வா. தெக்கால என் பக்கத்துல எடம் கீது."

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்ததும், தலையைத் திருப்பாமலே, என் மச்சானுக்கும் கேட்கிற மாதிரி, "உன் மச்சானுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு பா" என்றார். மச்சான் தரையைப் பார்த்துச் சிரித்தார். சபை மூடவில்லை.

திரும்பும்போது மச்சானின் வண்டியில் ஏறினேன்.

"ஆமா, இன்னா பேசலாம்னு வச்சிருந்த மாப்ள?"

சொன்னேன். இருளத் தொடங்கிய சாலையில், மாட்டின் முதுகைப் பார்த்தபடி, கரும்பையும் கணுவையும் மனிதனின் வாழ்வையும் சேர்த்து நான் கட்டியிருந்த முழுப் பேச்சையும் ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். ஒதியம்பட்டு முக்கு வரைக்கும் வந்தது.

மச்சான் வண்டியை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேள மாப்ள" என்றார். "இதப் பேசியிருந்தா சபைய மூடியிருப்பாங்க."

இறங்கி வீட்டை நோக்கி நடந்தேன். அவர் சிரிப்பு வண்டிச் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. நானும் தனியாகச் சிரித்தேன்.