புழு மனை வாசலில் ஒரு மூக்கு

"அங்கயே நில்லுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் தீர்த்தம்மாள் வாசலுக்கு வந்து, வந்தவரின் சட்டைக் காலரை இரண்டு விரலால் இழுத்து, கண்ணை மூடி ஒரு தரம் நன்றாக மோந்து பார்த்துவிடுவாள். வந்தவர் பட்டு வளர்ச்சித் துறை அதிகாரியாக இருக்கலாம், கல்யாணப் பத்திரிகையோடு வந்த சொந்தக்காரராக இருக்கலாம். அந்த மூக்குக்கு எல்லோரும் ஒன்றுதான். பவுடர், பீடி, செண்டு, கொசுவர்த்தி என்று எந்த வாசம் பட்டாலும் போச்சு. "கோவிச்சுக்காதீங்க. மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க, சட்டைய மோந்தாத்தான் தெரியும்" என்று வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவாள். காபி அங்கே வந்து சேரும். பத்திரிகையையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே போகும் சாலையில் தார் முடிகிற இடத்தில் அவளுடைய மல்பெரித் தோட்டம். நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். அதுதான் பட்டுப்புழு வளர்க்கிற மனை. ஜன்னலுக்கெல்லாம் நைலான் வலை, வாசலில் கால் நனைக்க பிளீச்சிங் தண்ணீர்த் தட்டு, கூரையின் மேல் வெயிலுக்கு நனைத்துப் போட்ட கோணிச் சாக்குகள். தீர்த்தம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒல்லி உடம்பு, எடுப்பான மூக்கு, அதில் ஒரு கல் விழுந்துபோன மூக்குத்தி. கல்லைக் கட்டித் தரச் சொல்லி ஆசாரியிடம் கழற்றிக் கொடுத்தால் மிச்சக் கல்லை மாற்றிவிடுவான் என்று வருஷக்கணக்காக அப்படியே போட்டிருக்கிறாள்.

பட்டுப்புழுவுக்குப் பூச்சிமருந்தும் ஆகாது, புகையிலையும் ஆகாது. புழு வளர்க்கிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். ஆனால் புருஷனைக் குளிக்க வைத்து, கை நகத்தைக் காட்டச் சொல்லி, அதன் பிறகும் வாசலைத் தாண்ட விடாதவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இவள் ஒருத்திதான். புருஷன் மாது பீடி குடிப்பவர். மனையின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்பதை அவர் ஜன்னல் வலை வழியாகப் பார்த்ததோடு சரி. "பொண்ணு பாக்கப் போனப்ப மூக்கு அழகா இருக்குதுன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல" என்பார், புகையை எதிர்ப்பக்கமாக ஊதியபடி.

சந்தேகம் புழுவோடு நிற்பதில்லை. சிலிண்டர் வந்தால் தூக்கி ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். போனில் 'உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று குரல் கேட்டால் "எதுக்கு?" என்று அதட்டிவிட்டு வைத்துவிடுவாள். டி.வி.யில் கனமழை எச்சரிக்கை சொன்னால், "நம்ம ஊரு எங்க இருக்குதுன்னே அவங்களுக்குத் தெரியாது, மழையச் சொல்ல வந்துட்டாங்க" என்பாள். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே காய்கிற துணியை எடுத்து உள்ளே போட்டுவிடுவாள்.

இந்த உலகத்தில் அவள் மூக்கு படாத ஒரே ஆள் தம்பி நஞ்சப்பன். இவள் தோட்டத்துக்கு மேற்கே அவனுடைய தக்காளித் தோட்டம். தழை வெட்டவும், புழுவுக்குப் போடவும் ஆள் தேவைப்பட்டால் அவன்தான் வருவான். வாசலில் காலை நனைத்துவிட்டு நேராக உள்ளே போவான். "எந்தம்பியப் பாத்துக் கத்துக்கங்க" என்று மாதுவிடம் இடித்துக் காட்டுவாள். "ஆறு மாசமா தலைக்குக் குளிக்காம இந்தப் பக்கம் வர்றதில்ல. புழு மேல அவ்வளவு மரியாதை!"

கிழக்கே சவுரியப்பனின் சாமந்தித் தோட்டம். இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு பழையது. அவர் முதுகில் மருந்து டேங்கைக் கட்டினால் போதும், இவள் எங்கிருந்தாலும் வரப்புக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

இந்த வருஷம் அவளுக்கு நேரம் சரியில்லை. சித்திரையில் வளர்த்த புழு பாதிக்கு மேல் செத்தது. ஆனியில் வளர்த்தது தின்று கொழுத்து, கூடு கட்டும் பருவத்தில் நூலே விடாமல் துவண்டு விழுந்தது. கூடை கூடையாகப் புழுவை அள்ளிக் குழியில் கொட்டி மூடினாள். தர்மபுரி மார்க்கெட்டுக்குக் கூடு எடுத்துப் போக வேண்டிய நாளில் அவள் வெறுங்கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆடியில் இன்னொரு முறை இளம்புழு வாங்கி விட்டபோது மாது சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா மல்பெரியப் புடுங்கிப் போட்டுட்டு, ரெண்டு பேரும் ஓசூருக்குக் கட்டட வேலைக்குப் போயிரலாம்." அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

குற்றவாளி யார் என்பதில் அவளுக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. "சவுரியப்பந்தான். வரப்போரமா அடிச்சு எந்தழையில வெசத்த ஏத்தறான்." ஆகவே கிழக்குப் பக்கத்துச் செடிகளைத் தொடுவதையே விட்டுவிட்டாள். மனையை ஒட்டிய செடிகளில் தழை தீர்ந்ததும், புழுவின் கடைசிப் பருவத்துக்கு மேற்குப் பக்கம் மட்டும் வெட்டுவது என்று முடிவு. ஆனியிலும் அப்படித்தான் செய்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சில்வியா வந்து சேர்ந்தாள். கடத்தூர்ப் பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. தோட்டத்து மூலையில் ஒரு கம்பத்தை நட்டாள். அதன் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்களும், திசை காட்ட ஓர் அம்பும் சுழன்றன. தழை வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நிலம் தன் பெயரில் இருந்ததால் மாது தலையை ஆட்டிச் சம்மதம் கொடுத்திருந்தார். தீர்த்தம்மாளுக்கு அதுவே முதல் சந்தேகம்.

"நெலத்த அளக்க வந்திருக்காங்க. கம்பம் நட்டவன் எவன் திரும்பிப் போயிருக்கான்?" என்றாள். ஒரு வாரம் அது பைபாஸ் ரோடு. அடுத்த வாரம் கரண்ட்டு டவர். சில்வியாவின் துப்பட்டாவை மோந்து பார்த்து, "பவுடர் போட்டிருக்க" என்று வேப்பமரத்துக்கு அனுப்பினாள். மறுநாள் அந்தப் பெண் பவுடர் போடாமல் வந்தது. அப்படியென்றால் இதில் ஏதோ பெரிய காரியம் இருக்கிறது என்று சந்தேகம் இன்னும் கூடியது.

"சோப்புத் தண்ணியில என்னா பண்ற?"

"பூச்சி எண்றங்க்கா. தேனீ, வண்ணத்துப்பூச்சி, குளவி எல்லாம் விழும். முன்னாடி விழுந்த அளவுக்கு இப்ப விழறதில்ல. வெயில் வருசா வருசம் ஏறுதுங்களா, அதுல செடியில இலைப்பேன் அதிகமாவுது. அதுக்குன்னு எல்லாரும் மருந்த ஏத்தி அடிக்கறாங்க. அந்த மருந்து காத்துல எவ்வளவு தூரம் போவுது, எதெதக் கொல்லுதுன்னுதான் பாக்கறேன்."

"அதத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கறேன்! கெழக்கத் தோட்டத்துக்காரன் பேர எழுதிக்க."

சில்வியா பேரை எழுதவில்லை. "மொத்தப் புழுவுக்கும் மேக்குத் தழை போடறதுக்கு முந்தி, கொஞ்சம் புழுவுக்கு மட்டும் போட்டுப் பாக்கலாங்களா? ஒரு தட்டுல கெழக்குத் தழை, ஒரு தட்டுல மேக்குத் தழை" என்றாள்.

"மேக்கு எதுக்கு? அது எந்தம்பி பக்கம். அவன் வேப்பெண்ணெயத் தவிர வேற எதையும் தொட மாட்டான். எங்கிட்டச் சத்தியம் பண்ணியிருக்கறான்."

"இப்ப காத்து மேக்கருந்துதாங்க்கா வீசுது. கம்பத்துல..."

"ஆடிக் காத்து எங்கருந்து வீசும்னு உங்கம்பம் வந்து சொல்லணுமா எனக்கு?"

சொல்ல வேண்டியதில்லைதான். காற்று எங்கிருந்து வருகிறதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது தம்பியின் தக்காளியைத் தாண்டித்தான் வருகிறது என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. இருந்தாலும் சம்மதித்தாள். "போட்டுப் பாரு. கெழக்குத் தட்டுத்தான் சாகும். அப்ப நீயே வந்து ஊரு முன்னாடி சொல்லணும்."

மத்தியானம் போட்ட தழை. பொழுது சாய்வதற்குள் மேற்குத் தட்டில் இருந்த புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின, வாயில் பச்சைத் தண்ணீரைக் கக்கின, சுருண்டன. கிழக்குத் தட்டில் புழுக்கள் தூறல் விழுகிற சத்தத்தோடு தழையைத் தின்றுகொண்டிருந்தன.

தீர்த்தம்மாள் இரண்டு தட்டையும் பார்த்தாள். பிறகு சில்வியாவைப் பார்த்தாள்.

"தட்ட மாத்திட்ட."

"இல்லீங்க்கா!"

"சவுரியப்பனும் நீயும் ஒரே சாமியக் கும்புடறவங்க. சர்ச்சுல பாத்துப் பேசியிருப்பீங்க."

சில்வியாவின் முகம் சுண்டிப்போனது. "அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க்கா. நான் கையே வைக்கல, நீங்களே பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கூப்பிடாமலேயே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்குக் காபி போகவில்லை.

மறுநாள் தீர்த்தம்மாள் தானே தழை வெட்டினாள். தானே புழு எடுத்து விட்டாள். மேற்குத் தட்டுக்கு அடையாளமாகத் தன் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிப் போட்டாள், யாரும் தட்டை மாற்றிவிடக் கூடாதே! மனையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாது சாப்பிடக் கூப்பிட்டதற்கும் அசையவில்லை. கதவைத் திறந்தபோது வளையல் கிடந்த தட்டில் ஒரு புழுவும் உயிரோடு இல்லை.

தீர்த்தம்மாள் வெளியே வந்து, வேப்பமரத்தடிக்குத் தானே போனாள்.

"வேப்பெண்ணெயில இப்பிடிச் சாகுமா?"

"இவ்வளவு சீக்கிரம் சாகாதுங்க்கா. தழைய லேபுக்கு அனுப்பினா என்ன மருந்துன்னு தெரியும்."

"சித்திரையிலயும் இதுதானா?"

"அது வெயிலா இருக்கும்னு தோணுது. நிச்சயமாச் சொல்ல முடியலீங்க." பிறகு, நியாயம் பேசியே தீர வேண்டும் என்பது போல, "ஐப்பசியில காத்து திரும்பிரும். அப்ப கெழக்கத் தோட்டத்து மருந்தும் இங்க வரும். அவர்கிட்டயும் பேசணும்" என்றாள்.

"பாத்தியா? நான் சொன்னன்ல?" என்றாள் தீர்த்தம்மாள். வழக்கமான சுருதி அதில் இல்லை. எழுந்து போய் காபி கலந்துகொண்டு வந்தாள். கொடுக்கும்போது சில்வியாவின் துப்பட்டாவை ஒரு தரம் மோந்து பார்க்கவும் தவறவில்லை.

அன்று மாலையே மாதுவை அரிவாளோடு கிழக்குப் பக்கம் அனுப்பினாள். அவர் வாழ்நாளில் முதல்முறையாக அவர் வெட்டிய தழையைப் புழு தின்றது. அவள் மட்டும் மேற்கு வரப்பில் போய் நின்றாள். தம்பியின் தக்காளி செழிப்பாக இருந்தது. இலையில் ஒரு புள்ளி இல்லை, சுருட்டல் இல்லை. இந்த வெயிலில் வேப்பெண்ணெய் மட்டும் அடித்து யார் தோட்டம் இப்படி இருக்கிறது? கண் முன்னால் இருந்ததைத்தான் பார்க்காமல் இருந்திருக்கிறாள். ஆறு மாசமாக அவன் தலைக்குக் குளித்துவிட்டு வருவது நினைவுக்கு வந்தது. அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதும் கூடவே நினைவுக்கு வந்தது. அவன் சின்ன வயதில் இவள் இடுப்பைவிட்டு இறங்காதவன். பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். குழியில் புழுவைக் கொட்டிய அன்றைக்குக் கூடவே நின்று மண் தள்ளினானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

காலையில் நஞ்சப்பன் வந்தான். ஈரத் தலை, துவைத்த சட்டை, தோளில் துண்டு. "தழை மேக்கத்தான வெட்டணும்?" என்று கேட்டபடி, வாசல் தண்ணீர்த் தட்டில் காலை நனைத்துவிட்டு உள்ளே நுழையப் போனான்.

"அங்கயே நில்லு."

அவன் சிரித்தான். "என்னாக்கா? நாந்தான்."

தீர்த்தம்மாள் அவன் காலரை இரண்டு விரலால் இழுத்து, கண்ணை மூடி மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான். வேப்பமரத்தடியில் இருந்த மாது பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். காலரை விட்டுவிட்டு, அவன் தோளில் கிடந்த துண்டை உருவினாள். தன் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும்போது அவன் தலையிலும் வாயிலும் சுற்றிக் கட்டிக்கொள்கிற துண்டு. அதை மூக்கில் வைத்தவள், எடுக்கவே இல்லை.

"அக்கா..." என்றான் நஞ்சப்பன். அவன் சிரிப்பு போய்விட்டிருந்தது. "எல்லாரும் அடிக்கறாங்க்கா. நான் மட்டும் அடிக்காம..."

அவள் கண்ணைத் திறந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கையிலிருந்த துண்டாலேயே துடைத்துக்கொள்ளப் போனாள். பாதியில் நிறுத்தி, துண்டை மனையை விட்டுத் தள்ளியிருந்த துணிக்கொடியில் போட்டுவிட்டு, முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.